இந்த வாரம் வந்த பாலத்துப் படம்

அந்தத் தெருவில் யாரும் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "அக்கா, அந்த நாய் தொலைஞ்சு போற படம் வந்துருச்சா?" என்பார்கள். "மொட்டைத் தலையன் ரயில் கூரை மேல நடப்பானே, அது இருக்கா?" என்பார்கள். பலகையக்காவும் பெயர் கேட்க மாட்டாள். எழுந்துபோய் அலமாரிக்குள் கையை விட்டால் சரியான டிஸ்க் கையோடு வந்துவிடும்.

பலகையக்கா என்பது தெரு வைத்த பெயர். டிஸ்க் வாடகைக் கடை வாசலில் ஆளுயரக் கரும்பலகை ஒன்று நிற்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அதில் அவள் எழுதுவாள். இந்த வாரம் வீட்டில் பார்க்க வந்திருக்கிற புதுப் படங்களில் பார்க்கத் தகுந்தவை என்று ஐந்து வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் கருத்து. "முதல் பாதி தூங்கலாம், இரண்டாம் பாதி தூங்க விடாது." "மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்." "அழுகை வரும், நல்ல அழுகை." கொட்டகையில் எத்தனை நாள் ஓடியது, நடிகன் எவ்வளவு பெரிய ஆள் என்பதையெல்லாம் அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. தான் பார்க்காத படத்தை எழுத மாட்டாள். பிடிக்காத படத்தை முதலாளி தலைகீழாக நின்றாலும் எழுத மாட்டாள். பஸ் ஓட்டுகிறவர், மருந்துக்கடைப் பெண், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிற நர்சம்மா எல்லோரும் பலகை முன்னால் ஒரு நிமிஷம் நின்று வாசித்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

புது டிஸ்க்குகள் புதன்கிழமையே பெட்டியில் வந்து இறங்கிவிடும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வாடகைக்கு விடக்கூடாது என்பது அனுப்புகிறவர்களின் சட்டம். நடுவில் இருக்கும் இரண்டு நாளில் கடையின் பின்னறையில் இருக்கும் சின்ன டிவியில் பாதி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதி என்று அவள் பார்த்து முடிப்பாள். வீட்டில் புருஷனும் கூட உட்கார்ந்து பார்ப்பான். உட்கார்ந்து என்று சொல்வது பேச்சுக்கு. இடுப்புக்குக் கீழே அசைவு போய் இரண்டு வருஷமாகிறது. முதுகுக்கு மூன்று தலையணை அண்டை கொடுத்தால் சாய்ந்துகொள்வான்.

அந்தப் புதன்கிழமை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பெட்டியின் அட்டை ஊறிப்போய் வந்திருந்தது. முதலாளியே கத்தியை எடுத்து ஒட்டுத்தாளைக் கிழித்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடிச்சுது பாரு யோகம்! பாலத்துப் படம் வந்துருச்சும்மா. இருபது டிஸ்க் அனுப்பிருக்கான். இந்த வாரம் முதல் வரியில இதத்தான்..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கத்தியை மடக்கினார். எதிலோ கவனமாக இருப்பதுபோல நனைந்த அட்டையைப் பிய்த்துப் பிய்த்துக் கூடையில் போட்டார்.

"எழுதணும்னா எழுதறேன்" என்றாள் பலகையக்கா.

"வேணாம்மா. நான் ஒரு ஆளு, யோசிக்காம பேசிட்டேன்."

"பாத்துட்டு எழுதறேன். எல்லாப் படத்தையும் பாத்துட்டுத்தானே எழுதறேன்."

அவளுடைய புருஷனுக்குச் சினிமாச் சண்டைக்காரர்கள் வைத்த பெயர் பூனை. எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் கால் ஊன்றி நிற்கிறான் என்று வைத்தது. பதினாறு வருஷம் கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுந்தான், கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனான், எரிகிற காரிலிருந்து உருண்டான். பாலத்துப் படத்தில் அவன் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு குதி. பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று, கீழே ஆற்று மணலில் போகிற லாரியைப் பார்த்துக் குதிக்க வேண்டும். சட்டைக்குள் வார் கட்டி, அதில் கயிறு மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாக நாலு பேர் பிடித்திருப்பார்கள். நாலு பேருக்கும் முன்னால் நின்று கயிற்றைக் கட்டுப்படுத்துகிறவன் பலகையக்காவின் கூடப்பிறந்த தம்பி. தம்பி கையைத் தூக்கினால் இன்னும் ஆகவில்லை, பொறு என்று அர்த்தம். கையை இறக்கினால் குதிக்கலாம். மச்சினனுடைய கையை நம்பித்தான் பூனை ஆறு வருஷம் குதித்தான். வேறு யார் கயிறு பிடித்தாலும் ஏற மாட்டேன் என்று சண்டை மாஸ்டரிடமே சொல்லுவான்.

அன்றைக்குக் கயிறு அவனைத் தாங்கவில்லை. நினைவு திரும்பப் பத்து நாள் ஆயிற்று. அந்த நாளைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. காலையில் போட்ட காலுறையின் நிறம் மட்டும் ஞாபகமிருந்தது. கட்டில் பக்கத்தில் நின்ற மாஸ்டர்தான் சொன்னார்: "உன் மச்சினன் கயித்த விட்டுட்டான்யா." படக் கம்பெனியிலிருந்து வந்த ஆளும் அதையே எழுதிக்கொண்டு போனான். தம்பி மூன்று தடவை சொல்லிப் பார்த்தான், நான் கையைத் தூக்கியபடிதான் நின்றேன், கப்பியில் கயிறு சிக்கியிருந்தது, பொறுக்கச் சொன்னேன் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. சண்டைக்காரர் சங்கத்தில் அவன் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் வைத்து, உள்ளங்கை இரண்டிலும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்ற தம்பியிடம் பலகையக்காவும் சொன்னாள்: "என் கண்ணு முன்னால நிக்காத. போயிரு." அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தம்பி என்ற சொல் எழவே இல்லை. பூனை மட்டும் தினமும் காலையில் கண் விழித்ததும் ஒரு பாட்டம் திட்டுவான். பல் தேய்க்கிற கிண்ணத்தை அவன் மடியில் வைக்கும்போது, "கைய வெட்டிப் போட்டிருக்கணும் அந்தப் பயலோட" என்று தொடங்கினான் என்றால் அன்றைய பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மத்தியானம் பின்னறையில் உட்கார்ந்து அவள் பாலத்துப் படத்தைப் போட்டாள். மடியில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன. படம் பரவாயில்லாத படம்தான். பாலம் வந்தபோது அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். கதாநாயகன் சுவர்மேல் ஏறுகிறான். அடுத்து லாரிமேல் உருண்டு எழுகிறான். நடுவில் ஒரு கணம் யாரோ ஒருவன் காற்றில் கையை விரித்துக்கொண்டு போகிறான். அது பூனை இல்லை. பிறகு வேறு யாரையோ வைத்து எடுத்திருக்கிறார்கள். குதிகால் சேர்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிவில் ஓடுகிற பெயர்களில் ஒரு நாய்க்குத் தீனி கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. பூனையின் பெயர் இல்லை.

பெருமூச்சு விட்டுக்கொண்டு அணைக்கப் போனாள். கொட்டகையில் காட்டாததை இந்த டிஸ்க்குகளில் தனியாகச் சேர்த்திருப்பார்கள். இதிலும் இருந்தது. 'படப்பிடிப்பில் சிரிப்பு' என்று ஒரு பகுதி. அதையும் பார்த்துவிட்டுத்தான் பலகை எழுதுவது அவள் வழக்கம். அழுத்தினாள்.

குதூகலமான ஒரு மேளச் சத்தம் ஆரம்பித்தது. கதாநாயகன் வசனத்தை மறந்துவிட்டு நாக்கை நீட்டுகிறான். நாய் ஒன்று நடுவில் ஓடி வருகிறது. ஒரு நடிகை நாற்காலியோடு கவிழ்கிறாள். அடுத்தது பாலம்.

சுவர்மேல் பூனை நிற்கிறான். கதாநாயகனுடையது மாதிரி சட்டை, பொய் மீசை. கீழேயிருந்து யாரோ ஏதோ வேடிக்கை சொல்லுகிறார்கள்; அவன் அந்தப் பக்கம் குனிந்து சிரிக்கிறான். அவனுக்கு வலப்பக்கம், ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு வெள்ளைச் சட்டையில் தம்பி. தம்பியின் கை மேலே இருக்கிறது. விரல் ஐந்தும் விரித்து, நன்றாக, தலைக்கு மேலே. பூனை தம்பி பக்கம் திரும்பவில்லை. சிரித்த முகத்தோடு குதித்துவிடுகிறான். தம்பி வாயைத் திறந்துகொண்டு, ஓடுகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் விழுகிறான். அதோடு வெட்டிவிட்டார்கள். வெட்டின இடத்தில் 'டொய்ங்' என்று வில்லின் நாண் அறுந்ததுபோல ஒரு சத்தம் சேர்த்திருந்தார்கள். அடுத்தது, கதாநாயகன் தும்முகிறான்.

ஒன்பது விநாடி. அதைச் சேர்த்தவனுக்கு அது எந்த விழுகை என்று தெரிந்திருக்காது. ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து, மீந்த படச்சுருள்களில் சிரிப்பாக எதுவெல்லாம் இருக்கிறது என்று பொறுக்கினவன், இதையும் பொறுக்கியிருக்கிறான்.

அவள் திரும்பப் போட்டாள். இன்னொரு தடவை போட்டாள். முதலாளி திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்றார். "ஆச்சு" என்றாள். ரொட்டி கீழே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பலகையில் நாலு படத்துக்குத்தான் கருத்து எழுதினாள். முதல் வரியில் பாலத்துப் படத்தின் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் கருத்து எழுதவில்லை. மருந்துக்கடைப் பெண் நின்று வாசித்துவிட்டு, "என்னக்கா, இதுக்கு ஒண்ணும் சொல்லல?" என்றாள்.

"எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. உங்களுக்கே தெரியும்."

"நல்லா இல்லையோ?"

"நல்லா இல்லைனா எழுதியே இருக்க மாட்டேன்ல."

சாயங்காலத்துக்குள் இருபதில் பதினெட்டு டிஸ்க் போய்விட்டது. மறுநாள் காலையில் பஸ் ஓட்டுகிறவர் டிஸ்க்கைத் திருப்ப வந்தவர், குடையை மடக்குவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். "படம் கிடக்கட்டும்க்கா, கடைசில வச்சிருக்கான் பாருங்க, அத பாத்தீங்களா? எங்க வீட்ல குழந்தைங்க அத மட்டும் பத்து தடவ போட்டாச்சு. ஒருத்தன் நல்லா இளிச்சுக்கிட்டே குதிக்கிறான், டொய்ங்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் நல்ல மனுஷன். பூனை விழுந்ததற்குப் பிறகுதான் இந்தப் பகுதிக்குக் குடிவந்தவர். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பலகையக்கா டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "கீறல் இல்ல, சரிங்க" என்றாள்.

அவர் போனதும் முதலாளியிடம் ஒரு மணி நேரம் வெளியே போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தம்பி வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் என்று நர்சம்மா எப்போதோ சொல்லியிருந்தாள். வாசலிலேயே ஆவி முகத்தில் அடித்தது. வெளியே பெய்கிற மழைக்குச் சம்பந்தமே இல்லாத வெக்கை உள்ளே. நீள மேசைகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மலை மலையாகக் குவிந்திருந்தன. விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, நீட்டி, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். தம்பியோடு மறுமுனை பிடிக்கிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். அவளைப் பார்த்ததும் தம்பியின் கை நின்றுவிட்டது.

"மாமாவுக்கு ஏதாவதா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு" என்று சொல்லி, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் உதறினார்கள். இரண்டு வருஷத்தில் அவனுக்கு முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. உள்ளங்கை இரண்டும் பளபளவென்று, ரேகையே இல்லாமல், மெழுகு வார்த்தமாதிரி இருந்தன. விரல்கள் முழுசாக நீளவில்லை. துணியின் முனையை விரலால் பிடிக்காமல் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கவ்விக்கொண்டான்.

முனைகள் சேரும்போது அவன் முகம் பக்கத்தில் வந்தது. அப்போது சொன்னாள்.

"நீ கைய தூக்கித்தான்டா இருந்த."

அவன் அடுத்த விரிப்பை எடுத்தான். "யாரு சொன்னா?"

"நான் பாத்தேன். அந்தப் படம் டிஸ்க்குல வந்துருக்கு. அதுல இருக்கு. அஞ்சு விரலும் தெரியுது. அவருதான் உன் பக்கமே பாக்காம குதிச்சிட்டாரு."

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. "தரையில படுதுக்கா, இழுத்துப் பிடி" என்றான். இழுத்துப் பிடித்தாள். மடித்தார்கள். இன்னொன்றையும் மடித்தார்கள்.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா" என்றான். "மாஸ்டர் சொன்னாரு. கம்பெனி ஆளு எழுதினான். மாமாவும் அதயே சொன்னாரு. இத்தன பேரு சொல்லும்போது நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போலன்னு நெனச்சிட்டேன். தூக்குனேன்னு நெனச்சு, பாதியில இறக்கிட்டேனோ என்னவோன்னு."

"நானும்தான் சொன்னேன். அத ஏன் விட்டுட்ட?"

"நீ அன்னைக்கு இருந்த நெலமைக்கு..."

"தப்புடா. உன்ன ஒரு வார்த்த கேக்காம தொரத்திட்டேன்."

அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். அந்த ஆவியில் வேர்வைதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு, "மாமா பாத்துட்டாரா?" என்றான்.

"இன்னும் இல்ல. நாளைக்குக் கடை லீவு. மத்தியானம் போட்டுக் காட்டப் போறேன். நீயும் வா."

"வேணாம்க்கா."

"வாடா. கீழ நில்லு. அவரு பாத்து முடிச்சதும் நான் ஜன்னல்ல இருந்து கூப்பிடறேன்."

"கூப்பிடச் சொல்வாரா?"

"ஏன் சொல்ல மாட்டாரு? உன் கைய தவிர வேற கைய நம்ப மாட்டேன்னு சொன்ன மனுஷன்டா."

டீ குடிக்கப் போன ஆள் திரும்பி வந்து, தன் முனையை வேறொருத்தி பிடித்திருப்பதைப் பார்த்து, "நல்லதாப் போச்சு, தினமும் வாங்கம்மா" என்றான். தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்ததில் பலகையக்காவுக்குத் திரும்பும் வழியெல்லாம் மழையே உறைக்கவில்லை.

பூனைக்கு இது என்ன செய்யும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. ராத்திரி பூராவும் அதையேதான் யோசித்தாள். ஆனால் தம்பியைத் துரத்தினது தன் வாய். அந்த வாயாலேயே அவனை மாடிக்குக் கூப்பிட்டாக வேண்டும் என்கிற எண்ணம் மற்ற எல்லாவற்றையும் ஏறி மிதித்துக்கொண்டு முன்னால் நின்றது. அவர் கொஞ்சம் வருத்தப்படுவார், அழுதாலும் அழுவார், அப்புறம் மச்சினனைக் கட்டிக்கொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்தாள். இடப்பக்கமாகப் புரட்டி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பவுடர் போட்டு, வலப்பக்கம் புரட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டியாக வேண்டும். ஞாயிறு தவிர மற்ற நாளில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து செய்வாள். சோறும் கீரையும் சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு வழக்கம்போலக் கடையிலிருந்து கொண்டு வந்த டிஸ்க்குகளை மடியில் போட்டுக்கொண்டு துடைக்க ஆரம்பித்தான். ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழும். இந்த வேலையை அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். டிஸ்க்கில் இருக்கும் கறையை வைத்தே எடுத்துப்போன ஆளைச் சொல்லிவிடுவான்.

"இங்க பாரு, ஜாம் பூசி அனுப்பிருக்கு. நர்சம்மா வீட்டு வாண்டு."

"கரெக்டுங்க."

"இது எண்ணெய். முடிவெட்டறவரு. மனுஷன் சீப்பக் கீழ வைக்காமலே படம் பாப்பாரு போல." சிரித்தான். பிறகு சிரிப்பு மாறாமலே, "பாலத்துப் படம் எங்க?" என்றான்.

அவள் திரும்பினாள்.

"வந்துருச்சுன்னு ரேடியோவுல சொன்னான். புதன்கிழமையே வந்திருக்கும். ஒளிச்சு வச்சிருக்க. நான் என்ன பச்சப் பிள்ளையா? போடு."

"போடத்தாங்க போறேன்" என்றாள்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மழை வெறித்திருந்தது. கீழ்த்தளத்துச் சாவிக்கடை ஞாயிற்றுக்கிழமை ஆதலால் மூடிக் கிடந்தது. அதன் கூரைச் சாய்ப்புக்கு அடியில் தம்பி நின்றான். சலவைக்கூடத்திலேயே பெட்டி போட்டிருப்பான் போல, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு பழப் பை. மேலே பார்த்தான். இன்னும் இல்லை என்று தலையசைத்தாள்.

படத்தைப் போட்டாள். பூனை தொழில்காரன் கண்ணோடு பார்த்தான். பாலம் வந்ததும், "எவனையோ வச்சு எடுத்திருக்கான். தோள இறுக்கிட்டான் பாரு, பயந்தவன்" என்றான். பெயர்கள் ஓடும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்று சொல்லி, அவள் அந்தப் பகுதியை வைத்தாள்.

மேளம் ஆரம்பித்தது. கதாநாயகன் நாக்கை நீட்டியதற்குப் பூனை சிரித்தான். நாய் ஓடி வந்ததற்கு இன்னும் பலமாகச் சிரித்தான். பாலம் வந்தது. போயிற்று. டொய்ங் என்றது. சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே இருந்தது. கதாநாயகன் தும்முகிற வரைக்கும் இருந்தது.

"அது நானா?"

"ஆமாங்க."

"ரிமோட்டைக் குடு."

அவனே பின்னால் ஓட்டினான். பார்த்தான். மறுபடியும் ஓட்டினான். நாலாவது தடவை தம்பியின் கை உச்சியில் இருக்கும்போது சரியாக நிறுத்தினான். திரையில் படம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவன் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். அந்தக் கை என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் ரொம்பப் பேர் இல்லை. அவனுக்குத் தெரியும்.

பிறகு தன் முகத்தைப் பார்த்தான். "இளிக்கிறேன் பாரு" என்றான். "யாரப் பாத்து இளிச்சேன்? என்ன சொன்னான் அவன்? ஒண்ணும் ஞாபகம் வரலியே."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அசைவில்லாத அவன் முழங்காலின்மேல் கையை வைத்தாள். "தம்பி கீழ நிக்கிறான்ங்க. நான்தான் வரச் சொன்னேன். கூப்பிடட்டுமா?"

அவன் மறுபடியும் ஓட்டினான். மேளம், பாலம், டொய்ங்.

"என்னங்க. அவன் ரெண்டு வருசமா..."

"கயித்த விட்டுட்டான்" என்றான் பூனை.

"நல்லாப் பாருங்க. கை மேல..."

"பாத்தேன். விட்டுட்டான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிடிவாதம் பிடிக்கிறவன் முகமாக அது இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிறமாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கிடந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன.

"நீ சொல்லு" என்றான்.

"என்ன சொல்ல?"

"அவன் விட்டுட்டான்னு சொல்லு. உன் வாயால சொல்லு."

"எப்படிங்க சொல்றது? அந்தப் பிள்ள..."

"அவன் விடலைன்னா அப்ப யாரு? நாளைக்குக் காலைல முழிச்சு நான் யாரத் திட்டுவேன்? சொல்லுடீ." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பதினாறு வருஷம் சுவர் பிடித்து ஏறின கை; அவளுக்கு வலித்தது. "சொல்லுமா. ஒரே ஒரு தடவ சொல்லிரு. இனிமே கேக்க மாட்டேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் தாடை ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

"விட்டுட்டான்" என்றாள்.

"ம்."

"தம்பிதான் விட்டுட்டான்."

அவன் அவள் கையை விட்டான். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினான். "போய் அனுப்பிட்டு வா. என்னால அவன் மூஞ்சியில முழிக்க முடியாது" என்றான். அந்தக் குரலில் கோபம் ஒரு துளிகூட இல்லை.

அவள் தரையில் கிடந்த டிஸ்க்குகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். முகத்தைக் கழுவினாள். படிக்கட்டு குறுகல், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றைச் சொல்லலாம் என்று தோன்றிற்று, அடுத்த படியில் அது உதவாது என்று தோன்றிற்று.

தம்பி சாய்ப்பை விட்டு வெளியே வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் பழப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"பாத்தாராக்கா?"

"இல்லடா" என்றாள். "டிஸ்க்கு சுத்த மாட்டேங்குது. கீறல் விழுந்திருக்கு போல. பாதியிலேயே நின்னுருச்சு."

அவன் அவளையே பார்த்தான்.

"முதலாளிகிட்ட வேற டிஸ்க் கேட்டு வாங்கறேன். அதுக்கப்புறம் சொல்லி அனுப்பறேன். அவருக்கும் இன்னைக்கு உடம்பு சரியில்ல. தூங்கறாரு."

மாடி ஜன்னலிலிருந்து மேளச் சத்தம் கிளம்பியது. குதூகலமாக, தெருவெல்லாம் கேட்கும்படி. அவள் பேச்சு அப்படியே நின்றது. மேளம் ஓடிற்று; நின்றது; டொய்ங் என்றது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. இத்தனை நேரமும் இவன் இங்கேதான் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி மேலே பார்க்கவில்லை. பழப் பையை அவள் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அந்த வழவழப்பான உள்ளங்கை அவள் விரலில் பட்டது.

"நான் கொண்டு வந்தேன்னு சொல்ல வேணாம்" என்றான்.

"டேய்..."

"சரிக்கா. டிஸ்க்கு சரியானதும் சொல்லி அனுப்பு."

ஈரத் தெருவில் இறங்கி நடந்தான். மேலே மூன்றாவது தடவை மேளம் ஆரம்பித்தது. அவன் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.